லேப்டாப் திரையில் கறை: துடைக்கும் முன் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவை

லேப்டாப் திரையில் ஏதேனும் கறை கண்ணில் பட்டவுடன் நம் கை தானாகத் தேடுவது தோளில் கிடக்கும் துண்டையோ, சட்டை நுனியையோ, முந்தானையையோதான். சேலத்தில் பல ஆண்டுகளாக லேப்டாப் பழுதுபார்த்து வரும் எனக்கு, அழுக்கு சேர்ந்ததால் மட்டும் கெட்டுப்போன திரை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஆனால், துடைத்த விதத்தால் கெட்டுப்போன திரைகள் மாதம் தவறாமல் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, எந்தக் குறைக்கு எதைச் செய்வது என்பதற்கு முன், அந்தக் குறை திரையின் மேல் இருக்கிறதா, அதன் மேற்பூச்சில் இருக்கிறதா, திரைக்கு உள்ளே இருக்கிறதா என்று பிரித்தறியும் வழியைச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒன்றுதான் என்று எண்ணித் துணியை எடுப்பதில்தான் பெரும்பாலான சேதங்கள் தொடங்குகின்றன.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

லேப்டாப்பை முழுவதுமாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, திரையின் சூடு ஆறும்வரை பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு அதை ஜன்னலோரம் கொண்டுபோய், பகல் வெளிச்சம் திரையின் மேல் சாய்வாக விழும்படி வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அணைந்த கருந்திரையில் இப்படித் தெரிகிற தூசு, விரல் ரேகை, நீர்த்தடம், கீறல் ஆகிய அனைத்தும் மேற்பரப்பைச் சேர்ந்தவை. அடுத்து லேப்டாப்பை இயக்கி, திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். அணைந்திருந்தபோது தெரியாமல், ஒளிரும்போது மட்டும் தெரிகிற புள்ளியோ, திட்டோ, கோடோ திரையின் உள்ளே இருக்கிறது. அதைத் துணியால் எட்ட முடியாது.

இந்தச் சோதனை ஏன் செல்லுபடியாகிறது என்பதற்குத் திரையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது உதவும். சாதாரண எல்சிடி திரையின் பின்னால் எல்இடி விளக்குகளின் வரிசை ஒன்று ஓரத்தில் இருக்கிறது. அதன் ஒளியைத் திரை முழுவதும் சீராகப் பரப்ப ஒரு பிளாஸ்டிக் தகடும், மெல்லிய தாள்கள் சிலவும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் அடைபட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் போலரைசர் என்னும் பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. தொடுதிரை அல்லாத பெரும்பாலான லேப்டாப்களில் நம் விரல் படுவது கண்ணாடியில் அல்ல, இந்தப் பிளாஸ்டிக் படலத்தில்தான். பளபளப்பில்லாத மேட் திரைகளில் அந்தப் படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சொரசொரப்பு ஒன்று பூசப்பட்டிருக்கும். விளக்கின் பிரதிபலிப்பு கண்ணைக் கூசாமல் சிதறுவது அதனால்தான். தொடுதிரைகளில் மேலே கண்ணாடி உண்டு என்றாலும், அதன்மீதும் எண்ணெய் ஒட்டாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பதுபோல் லேப்டாப் திரையைத் துடைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இந்தப் படலமும் பூச்சுமே காரணம்.

தேவையான பொருள்கள் மிகச் சில. மூக்குக் கண்ணாடிக் கடையிலோ கேமரா கடையிலோ கிடைக்கும் நல்ல மைக்ரோஃபைபர் துணி இரண்டு, லென்சின் மேல் காற்றடிக்கப் பயன்படும் ரப்பர் ப்ளோயர் ஒன்று, சிறிதளவு டிஸ்டில்டு வாட்டர், இவை போதும். டிஸ்டில்டு வாட்டருக்கு எங்கும் அலைய வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காக வாங்கும் கேன் அதுதான். ஆனால், புதிதாக முத்திரை உடைத்த கேனிலிருந்து எடுங்கள். அதே பேட்டரிக் கடையில் ஆசிட்டும் விற்கிறார்கள் என்பதால், கேனின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே ஊற்றுங்கள்.

வெள்ளையாகவோ சாம்பலாகவோ தூசு படிந்து, திரை மங்கலாகத் தெரிகிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, அந்த மாதத்தில் சேலத்தின் மண் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கரடு பக்கம் குடியிருப்பவர்கள் மேசையில் படியும் வெள்ளைத் தூசைப் பார்த்து மேக்னசைட் சுரங்கத்தையே குறை சொல்வது வழக்கம். உண்மையில் திரைக்குப் பெரிய எதிரி அந்த வெள்ளைத் தூசு அல்ல. மோஸ் கடினத்தன்மை அளவில் மேக்னசைட் 4 என்ற அளவை ஒட்டியே நிற்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5, தெரு மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலோ 7. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையிலும் இந்தக் குவார்ட்ஸ் இருக்கிறது. அந்தப் பாறை சிதைந்து மண்ணாகும்போதும் குவார்ட்ஸ் மணிகள் தேயாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. கண்ணாடியையே கீறக்கூடிய அந்த மணி, கண்ணாடியைவிட மென்மையான பிளாஸ்டிக் படலத்தின் மேல் துணியோடு இழுபடும்போது என்ன செய்யும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கணக்கு எழுதும் லேப்டாப்பைச் சென்ற ஆண்டு கொண்டுவந்தார். மெருகு போடும் இயந்திரத்துக்கு நான்கடி தள்ளி மேசை. அணைத்த திரையை வெளிச்சத்தில் சாய்த்தபோது, வலக்கை மணிக்கட்டு திரும்பும் அளவுக்கு வில் வில்லாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறல்கள் தெரிந்தன. கீழ் வலது மூலையில் அவை ஒரு புள்ளியில் கூடி, அங்கே படலம் பால் வெண்மையாகத் தேய்ந்திருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் காலையில் வேட்டி நுனியால் ஒரே வீச்சில் துடைத்திருக்கிறார். மெருகு போடும் பொடி என்பது உலோகத்தைத் தேய்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அது திரையையும் தேய்த்துவிட்டது. அந்தக் கீறல்களுக்கு என்னிடம் மருந்து இல்லை என்று சொல்ல எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர் பொருளைப் பேணத் தெரியாதவர் அல்லர். நாள்தோறும் துடைத்த அக்கறையே அதைக் கெடுத்திருந்தது.

எனவே, தூசுக்கு முதல் வேலை துடைப்பது அல்ல, உதிர்ப்பது. திரையைச் சற்று முன்புறம் சாய்த்து, ரப்பர் ப்ளோயரால் மேலிருந்து கீழாகக் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறித்துப் புதிய கறையாகும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதில் எண்ணெயும் நீரும் கலந்து வருவதோடு, அதன் வேகம் தூசைத் திரையின் ஓர இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடும். உதிர்ந்த பிறகும் ஒட்டியிருப்பதை மட்டும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால், துணியின் எடையைவிட அதிகமாக அழுத்தாமல், ஒரே திசையில் மெல்ல இழுத்து எடுங்கள். துணியை இரண்டு முறை மடித்தால், மாற்றி மாற்றித் திருப்பிப் பயன்படுத்த எட்டு முகங்கள் கிடைக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு புதிய முகத்தைப் பயன்படுத்துவது, எடுத்த மணலை மறுபடி திரையிலேயே தேய்க்காமல் காக்கும்.

ஆத்தூர்ப் பக்கமும் சேலத்தைச் சுற்றியும் ஜவ்வரிசி ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். குச்சிக்கிழங்கு மாவு திரையில் படிந்திருந்தால், எக்காரணத்தைக் கொண்டும் முதலில் ஈரத்துணியை வைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் மாவு கரையாது. குழைந்து பசைபோல் பரவி, மேட் திரையின் நுண்ணிய பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். ப்ளோயரால் உதிர்த்து, உலர் துணியால் எடுத்து, பிறகுதான் ஈரம்.

வழவழப்பான திட்டுகள், விரல் ரேகை, மஞ்சள் படலம்

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை, தாளிப்பின்போது சமையலறையிலிருந்து மிதந்து வரும் எண்ணெய்ப் புகை, மாம்பழம் நறுக்கிய கையோடு பாடம் காட்டும் பிள்ளையின் விரல் என, இந்தத் திட்டுகள் வர வழிகள் பல. தூசை உதிர்த்த பின், மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நன்றாகப் பிழியுங்கள். எவ்வளவு ஈரம் போதும் என்பதற்கு நான் பிறருக்குச் சொல்லித்தரும் அளவு இது: துணியைப் புறங்கையில் அழுத்தினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தோலில் நீர் தங்கக் கூடாது. மற்றொரு கையால் திரையின் பின்புறத்தைத் தாங்கிக்கொண்டு, மேல் விளிம்பில் தொடங்கிக் கீழே வாருங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு முறையில் போகாத திட்டை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே மென்மையோடு துடைக்க வேண்டுமே தவிர, அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. எந்தத் திரவத்தையும் நேராகத் திரையின் மேல் தெளிக்கக் கூடாது. அது வழிந்து கீழ் விளிம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடும் வீடுகளில் திரையின் மேல் இளமஞ்சளாக ஒரு படலம் மெல்ல மெல்லச் சேர்கிறது. தண்ணீர்த் துணியால் எத்தனை முறை துடைத்தாலும் அது கோடு கோடாக இடம் மாறுகிறதே தவிர, போவதில்லை. சாம்பிராணி ஒரு மரப்பிசின், அது நீரில் கரையாமல் ஆல்கஹாலில் கரையும் தன்மை உடையது என்பதே காரணம். இதற்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சில துளிகள் விட்டு, பயன்படுத்தலாம். ஆனால், அதற்கு முன் உங்கள் லேப்டாப்பின் கையேட்டைப் பாருங்கள். சில நிறுவனங்கள் ஆல்கஹாலை அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன. ஒரே நிறுவனத்திலும் திரையின் வகையைப் பொறுத்து விதி மாறும். அனுமதி உண்டென்றால், முதலில் திரையின் ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் துடைத்து, காய்ந்த பின் நிறமோ பளபளப்போ மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அருகில் விளக்கோ ஊதுவத்தியோ எரியக் கூடாது. ஆல்கஹாலின் ஆவி எளிதில் தீப்பற்றும்.

கை கழுவும் சானிடைசரிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தோல் வறளாமல் இருக்க அதில் கிளிசரினும், சிலவற்றில் மணப்பொருளும் சேர்க்கிறார்கள். அவை திரையில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். ஜன்னல் துடைக்கும் திரவம், அம்மோனியா கலந்த எதுவும், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஆகியவை திரையின் பக்கமே வரக் கூடாது. டிஷ்யூ பேப்பரும் செய்தித்தாளும் மரக்கூழால் ஆனவை. மென்மையாகத் தோன்றினாலும் பூச்சின் மேல் மெல்லிய கீறல்களை விட்டுச் செல்லும்.

துடைத்து முடித்த பின் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளும் வளையங்களும் தோன்றுகின்றன

இது சேலத்துக்கே உரிய குறை என்று சொன்னால் மிகையாகாது. நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதே உப்புதான். அந்தத் தண்ணீரில் நனைத்த துணியால் திரையைத் துடைத்தால், நீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்குகிறது. மேட்டூர்த் தண்ணீர் இதைவிட நல்லதென்றாலும், அதிலும் உப்பு முற்றிலும் இல்லாமல் இல்லை; ஆர்ஓ தண்ணீரிலும் சிறிது மிச்சம் உண்டு. துடைத்தது நல்ல தண்ணீரால்தானே என்று வாதாடுபவர்களிடம், அதே தண்ணீரில் ஒரு சொட்டைக் கறுப்புப் பீங்கான் தட்டில் விட்டுக் காயவைத்துப் பார்க்கும்படி சொல்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் வாதாடுவதில்லை.

புதிதாக விழுந்த உப்புத்தடம் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் அதன்மேல் ஒற்றி வைத்தாலே இளகிவிடும். பழைய தடமாக இருந்து, திரையும் சிறப்புப் பூச்சு இல்லாத சாதாரண மேட் வகையாக இருந்தால், வெள்ளை வினிகரையும் டிஸ்டில்டு வாட்டரையும் சம அளவில் கலந்து, நன்கு பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். வினிகரின் அமிலம் கார்பனேட் உப்பைக் கரைக்கிறது. முடிந்ததும் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி ஒருமுறை துடைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதில் சர்க்கரையும் நாரும் இருக்கின்றன. நகத்தால் சுரண்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

திரையில் கீபோர்டின் பொத்தான்கள் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கின்றன

மூடியிருக்கும்போது பையில் புத்தகங்களின் அழுத்தம் பட்டுத் திரை வளைந்து, பொத்தான்களைத் தொடுகிறது. பொத்தான்களின் மேலுள்ள விரல் எண்ணெய் திரைக்கு ஏறுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டது என்றால் அது எண்ணெய் மட்டுமே. போகாமல், ஸ்பேஸ் பாரின் ஓரம் போன்ற நேர்க்கோடு அணைந்த திரையில் அப்படியே தெரிந்தால், அங்கே படலம் தேய்ந்துவிட்டது என்று பொருள். இதற்குத் தீர்வு திரையில் இல்லை, கீபோர்டில் இருக்கிறது: வாரம் ஒருமுறை பொத்தான்களைத் துடையுங்கள், பையில் லேப்டாப்பைத் தனி அறையில் வையுங்கள்.

தடுப்பாக நடுவில் துணி போட்டு மூடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. கேமராவை மறைக்கும் பிளாஸ்டிக் மூடி ஒட்டிய மேக்புக்கை மூட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் எச்சரித்தது. தவிர்க்கவே முடியாதென்றால் அந்த மூடி 0.1 மில்லிமீட்டர் தடிமனை, அதாவது சாதாரண அச்சுத் தாளின் தடிமனை, மீறக் கூடாது என்பது அதன் அறிவுரை. அதற்கே அவ்வளவு கட்டுப்பாடு என்றால், மடித்த கைக்குட்டையைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பெட்டியில் வரும்போது நடுவில் இருந்த மெல்லிய தாள் கைவசம் இருந்தால், நெடும்பயணத்தில் அதைப் போடுங்கள். மற்றபடி எதுவும் வேண்டாம்.

மேகம் போன்ற திட்டுகள், என்ன செய்தும் போகவில்லை

அணைந்த திரையில் பளபளப்பு ஓரிடத்தில் அதிகமாகவும், அதன் பக்கத்தில் மங்கலாகவும், தோல் உரிந்ததுபோல் ஒழுங்கற்ற விளிம்போடு தெரிந்தால், அது அழுக்கு அல்ல. மேற்பூச்சு கரைந்தோ உரிந்தோ போயிருக்கிறது. தவறான திரவமும், அழுத்தித் தேய்த்ததுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். மிச்சப் பூச்சையும் பற்பசை போட்டுத் தேய்த்து எடுத்தால் சமமாகிவிடும் என்று காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பற்பசையில் தேய்க்கும் துகள்கள் இருக்கின்றன. மேட் திரையில் அது நடுவில் ஒரு கண்ணாடித் திட்டை உண்டாக்கிவிடும். பூச்சு போன திரையோடு வேலை செய்ய முடிகிறதென்றால் அப்படியே பயன்படுத்துங்கள், முடியவில்லை என்றால் பேனலை, அதாவது படம் காட்டும் திரைப் பகுதி முழுவதையும், மாற்றுங்கள். இடைப்பட்ட வழி ஒன்று இருந்தால் முதலில் சொல்பவன் நானாகத்தான் இருப்பேன்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தவுடன் திரை வியர்க்கிறது. அல்லது ஓரத்தில் நூல் நூலாக வெண்மை படர்கிறது

இவை இரண்டும் வெவ்வேறு குறைகள், ஆனால் இரண்டுக்கும் வேர் ஈரப்பதம்தான். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போகும்போது லேப்டாப் சூடாகவும் சுற்றியுள்ள காற்று குளிர்ந்தும் இருப்பதால், எதுவும் ஆவதில்லை. பலரும் மலை ஏறும்போது பயப்படுகிறார்கள். கவனம் வேண்டியது இறங்கும்போதுதான். மார்கழிக் குளிரில் இரவு முழுவதும் ஜில்லென்று கிடந்த லேப்டாப்பை ஒரு மணி நேரத்துக்குள் கீழே கொண்டுவந்து, சேலத்தின் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் திறந்தால், குளிர்ந்த சொம்பின் புறத்தில் நீர் முத்து முத்தாகப் பூப்பதுபோல், திரையின் மேலும் உள்ளேயும் நீர் பூக்கும். அதைத் துடைத்துவிட்டு உடனே இயக்குவது தவறு, ஏனென்றால் மேலே இருப்பதைத்தான் துடைத்தீர்கள். பையைத் திறக்காமலேயே ஒரு மணி நேரம் அறையில் வைத்திருங்கள். நீர் பூப்பதானால் பையின் வெளிப்புறத்தில் பூக்கட்டும்.

மலையிலேயே வசிப்பவர்களின் நிலை வேறு. மழைக்காலத்தில் ஜன்னல் வழியே பனிமூட்டம் அறைக்குள் நுழையும் நாள்களில் காற்றின் ஈரப்பதம் நிறைவுநிலையை எட்டுகிறது. தோல் செருப்பிலும் கேமரா லென்சிலும் பூஞ்சணம் பிடிப்பதை அங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தின் லேப்டாப் இரண்டு மழைக்காலம் மர அலமாரியிலேயே கிடந்துவிட்டு என்னிடம் வந்தது. திரை ஒளிர்ந்ததும் இடது ஓரத்திலிருந்து மூன்று வெண்ணூல்கள் கிளைவிட்டு, பெரணி இலைபோல் உள்ளே படர்ந்திருந்தது தெரிந்தது. அணைத்தால் எதுவும் இல்லை. முதல் சோதனையின்படி அது உள்ளே இருக்கிறது. ஒளியைப் பரப்பும் தாள்களுக்கு நடுவே பூஞ்சணம். தூசில்லாத அறை இல்லாமல் அந்தத் தாள்களைப் பிரித்தால், ஒரு குறை போய் நூறு தூசுகள் உள்ளே சேரும். எனவே பேனலைத்தான் மாற்றினோம். அப்படிப்பட்ட வீடுகளில் லேப்டாப்பை மூடி வைப்பதைவிடத் தினமும் ஒரு மணி நேரம் இயக்குவது நல்லது. அதன் சொந்தச் சூடே அதை உலர்த்துகிறது. நாள்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ மாறினால் அது நீரை உறிஞ்சி நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஈரத்துணியால் துடைத்த பின், கீழ் ஓரத்தில் தண்ணீர் பரவியதுபோல் திட்டு தெரிகிறது

இது அவசரம். படித்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள். திரையின் கீழ் விளிம்பில்தான் பேனலை இயக்கும் மின்சுற்றும், பல மாதிரிகளில் எல்இடி வரிசையும் இருக்கின்றன. நீர் வழிந்து சேரும் இடமும் அதுவே. மின்சாரம் இருக்கும்போது அங்கே ஈரம் பட்டால், ஒரு திட்டோடு முடிய வேண்டியது, திரை முழுவதும் இருண்டுபோவதில் முடியும்.

லேப்டாப்பைத் திறந்த நிலையிலேயே தலைகீழாக, கூடாரம்போல் மேசையில் கவிழ்த்து வையுங்கள். நீர் கீழ் விளிம்பை விட்டு நகர வேண்டும் என்பதே நோக்கம். மின்விசிறிக் காற்று போதும். தலைமுடி உலர்த்தும் சூட்டுக் காற்றும் வெயிலும் படலத்தைச் சுருக்கிவிடும். அரிசி மூட்டையில் புதைப்பதால் உமித்தூசு உள்ளே போவதைத் தவிர ஒரு பயனும் இல்லை. இரண்டு நாள்கள் பொறுத்து இயக்குங்கள். திட்டு மறைந்து, ஓரத்தில் மெல்லிய வரம்பு மட்டும் நின்றால், அது உலர்ந்த நீர் விட்டுச்சென்ற தடம். வேலைக்கு இடையூறு இல்லையென்றால் விட்டுவிடலாம். இயக்கியதும் திரை மினுக்கினாலோ, கருகல் வாடை வந்தாலோ, அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

நகராத ஒரு புள்ளி

வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களையும் ஒவ்வொன்றாகத் திரை முழுவதும் காட்டிப் பாருங்கள். திரையில் தெரியும் படம் பிக்சல் என்னும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. எல்லா நிறத்திலும் கறுப்பாகவே இருக்கும் நுண்ணிய சதுரம் இறந்துபோன பிக்சல். கறுப்புப் பின்னணியிலும் ஒரே நிறத்தில் ஒளிர்வது சிக்கிக்கொண்ட பிக்சல். வடிவம் ஒழுங்கில்லாமல், விளிம்பு மங்கலாக இருந்தால் அது உள்ளே போன தூசு.

முதல் மழைக்குப் பிறகு, மாலை விளக்கு போட்டதும் சிறு பூச்சிகள் மொய்க்கும் நாள்களில் இன்னொன்றும் நடக்கும். கடுகில் பாதிகூட இல்லாத பூச்சி திரையின் ஒளியைத் தேடி ஓர இடுக்கு வழியே உள்ளே நுழைந்துவிடும். அது ஊர்வது தெரிந்தவுடன் விரலால் அழுத்த வேண்டும் என்று தோன்றும். தயவுசெய்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் அது நசுங்கி, தாள்களுக்கு நடுவே நிரந்தரப் புள்ளியாகத் தங்கிவிடும். திரையை அணைத்துவிட்டு, அறை விளக்கையும் அணைத்து, லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு மேசை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். வந்த வழியே வெளியேற அதற்கு ஒரு வாய்ப்பைக் கொடுங்கள்.

செங்குத்துக் கோடு, மை கொட்டியதுபோல் கறுப்பு, வெள்ளை ஒளிப்புள்ளிகள்

இவை எவையும் துடைப்புக்கு உரியவை அல்ல. கோடு தெரிந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைச் செல்போனில் திறந்து பாருங்கள். படத்தில் கோடு இல்லையென்றால் பிழை பேனலிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. திரையை முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து போனால் கேபிளை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள், பேனல் செலவு மிச்சமாகலாம். மை பரவியதுபோன்ற கறுப்பு, உள்ளே கண்ணாடி உடைந்ததன் அடையாளம். கீபோர்டின் மேல் பேனாவையோ இயர்ஃபோனையோ மறந்து வைத்து மூடியதே பெரும்பாலும் காரணம். வெள்ளை ஒளிப்புள்ளி, பின்புற அழுத்தத்தால் பரப்புத் தாள் நசுங்கியதால் வருவது. டாஸ்க்பாரின் நிழல் மங்கலாகத் தங்கியிருந்தால், எல்சிடியில் அது சில மணி நேரத்தில் மறையும். பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் நிலையாகத் தங்கிவிடவும் கூடும், அதற்கும் துணிக்கும் தொடர்பில்லை.

பாதுகாப்புப் படலம் ஒட்டுவது பற்றி

செல்போனுக்கு ஒட்டும் டெம்பர்டு கண்ணாடியை லேப்டாப்புக்கு ஒட்டாதீர்கள்; அதன் தடிமனால் மூடி முழுவதும் பொருந்தாமல், கீலின் அருகே அழுத்தம் சேர்ந்து, காக்க வேண்டிய திரையையே அது உடைத்துவிடும். பட்டறை, ஆலை, கட்டுமான இடம் போன்ற தூசு மிகுந்த இடங்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும், மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் பரிந்துரைக்கிறேன். ஒட்டுவதற்குக் குளியலறையைத் தேர்ந்தெடுங்கள். வெந்நீர் ஆவி அடங்கிய பிறகு அங்கே காற்றில் தூசு மிகக் குறைவாக இருக்கும். ஒட்டிய பின் குமிழுக்குள் தூசு தெரிந்தால், படலத்தை அந்த மூலையிலிருந்து மட்டும் தாழ்வாக உரித்து, ஒட்டும் நாடாவின் நுனியால் தூசைத் தொட்டு எடுங்கள். படலத்தைப் பிற்பாடு நீக்கும்போதும் அதே தாழ்ந்த கோணம் வேண்டும். செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் திரையின் பூச்சும் கூடவே வரும்.

மைக்ரோஃபைபர் துணியைச் சிறிது சோப்பில் தனியாகத் துவைத்து, மணத்துக்காகப் போடும் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் இல்லாமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். அந்தத் திரவம் இழைகளின் மேல் வழவழப்பாகப் படிந்து, அடுத்த முறை துடைக்கும்போது திரைக்கு ஏறும். கடைசி அலசலுக்கு மட்டும் உப்புத் தண்ணீர் வேண்டாம், மேட்டூர்த் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்ததும் ஜிப் வைத்த சிறு பையில் போட்டு மூடி வையுங்கள். தரையில் விழுந்த துணியை, எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், மறுபடி துவைக்காமல் திரையின் மேல் வைக்காதீர்கள்.